கறுப்புக் களியாட்ட உடை: ஏழு பிள்ளைகளின் நடனத்துக்கு எப்படித் தைப்பது?

வன்னிச்சலங்கை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிள்ளைகளுக்கு நடனம் பழக்குகிறேன். ஆவணிக் கடைசியில் எங்கள் இளைஞர் கழகத்தின் கலை இரவு. வரவேற்பு நடனமும் அறுவடை நடனமும் போதும் ரீச்சர், புதிதாக ஒன்று செய்வோம் என்று பிள்ளைகளே கேட்டார்கள். கதையும் அவர்களுடையதுதான். நள்ளிரவில் ஊருக்குள் ஒரு களியாட்டக் கூட்டம் வந்து இறங்குகிறது. முகமூடி போட்டு ஆடுகிறார்கள். விடிவதற்குள் காணாமற் போய்விடுகிறார்கள். ஒன்பது நிமிடம். பரத அடவுகளோடு மேலைத்தேய அசைவுகளையும் கலந்து அமைத்திருக்கிறேன். உடை கோதிக் பாணியில் வேண்டுமாம்: கறுப்புத் துணி, லேஸ், உயர்ந்த கழுத்துப்பட்டி, முகமூடி.

ஏழு பிள்ளைகள், 15 முதல் 17 வயது. ஒருவருக்கு 2500 ரூபாய்க்கு மேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வீடுகளில் அதுவும் கடினம். வாடகைக்கு எடுக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். போன வருடம் அப்படி எடுத்த உடையில் ஒரு பிள்ளையின் முதுகுச் சிப் மேடையிலேயே பிரிந்துவிட்டது. கடைசி மூன்று நிமிடமும் சபைக்கு முதுகைக் காட்டாமல் ஆடி முடித்தாள். இறங்கி வந்து அவள் அழுத அழுகை இன்னும் என் காதில் நிற்கிறது. ஆகவே இம்முறை நாங்களே தைக்கப் போகிறோம். கையில் ஆறு வாரம் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

ஊசிநூல் எழுதியது:

ரீச்சர், பாவாடையில் தொடங்குங்கள். செலவில் பெரும்பகுதி அதில்தான் போகும். நான் ஆடைத் தொழிற்சாலையில் ஒன்பது வருடமாகத் தைக்கிறேன், கணக்கைச் சொல்கிறேன்.

சுழன்றால் விரிய வேண்டும் என்றால் முழுவட்டப் பாவாடைதான். இடுப்பளவை 6.28ஆல் வகுத்தால் நடு வட்டத்தின் ஆரை கிடைக்கும். 26 அங்குல இடுப்புக்கு 4 அங்குலத்துக்குச் சற்று மேல். பாவாடை நீளம் 22 என்றால் மொத்த ஆரை 26. இதை இரண்டு அரைவட்டமாக வெட்டினால், ஒவ்வொன்றுக்கும் 52 அங்குல நீளமும் 26 அங்குல அகலமும் வேண்டும். ஆறு யார்ச் சேலை 216 அங்குல நீளம், 45 அங்குல அகலம். நான்கு அரைவட்டங்கள் 208 அங்குலத்தில் அடங்கிவிடும். அதாவது ஒரு சேலையில் இரண்டு பாவாடை. ஏழு பிள்ளைகளுக்கு நான்கு சேலை போதும், கடைசிச் சேலையில் பாதி மிச்சம். ஒவ்வொரு சேலையிலும் ஓரத்தில் 19 அங்குல அகலப் பட்டி நீளத்துக்கு எஞ்சும்; கழுத்தையும் கையையும் சுற்றிக் கொசுவி வைக்கும் சுருக்குப் பட்டிகள் அதிலேயே வந்துவிடும்.

பழைய சேலைகளைக் கேட்டு வாங்குங்கள். பருத்தி என்றால் கறுப்புச் சாயம் நன்றாகப் பிடிக்கும். பொலியெஸ்டரில் சாதாரணச் சாயம் ஏறாது, சாம்பல் பூத்தது போல ஆகிவிடும். இன்னொன்று, வட்டமாக வெட்டிய துணி சில இடங்களில் தானாக இறங்கும். வெட்டிய அன்றே விளிம்பு மடிக்க வேண்டாம். ஓர் இரவு கொடியில் தொங்கவிட்டு, மறுநாள் பிள்ளையின் இடுப்பில் கட்டி, நிலத்திலிருந்து அளந்து சரிசெய்த பிறகு மடியுங்கள். இதைச் செய்யாததால்தான் பல நடன உடைகள் பக்கவாட்டில் வால் விட்டது போலத் தெரிகின்றன.

இரவுக்குயில் எழுதியது:

வவுனியாவிலிருந்து எழுதுகிறேன் அக்கா. கோதிக் என்ற சொல்லே ஊர் ஊராக அலைந்து வந்தது. 410இல் உரோமாபுரியைச் சூறையாடிய கோத் இனத்தாரின் பெயர் அது. பல நூற்றாண்டுகள் கழித்து இத்தாலிய அறிஞர்கள் தங்களுக்குப் பிடிக்காத இடைக்காலத் தேவாலயக் கட்டடங்களை ‘கோத்துகளின் வேலை’ என்று இகழ்ந்தார்கள். வசை பெயராக நிலைத்தது. கூரிய வளைவுகள், வானளாவிய தூண்கள், வண்ணக் கண்ணாடி யன்னல்கள் எல்லாம் அந்தக் கட்டடங்களுக்கு உரியவை. 18ஆம் நூற்றாண்டில் பாழடைந்த கோட்டைகளில் நடக்கும் பேய்க்கதைகளுக்கு அதே பெயர் போனது. இன்று நாம் கோதிக் உடை என்று சொல்வது 1970களின் கடைசியில் பிரித்தானிய இசை இளைஞர்களிடம் தொடங்கியது. நான் பத்து வருடமாக அந்த இசையைக் கேட்கிறவன். இந்த மண்ணில் ஒரு மேடையில் அதைப் பார்க்கப் போகிறேன் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

என் யோசனை: கறுப்புக் கையுறைகளில் வெள்ளைத் தீந்தையால் விரல் எலும்புகளை வரையலாம். இரண்டு பேருக்கு மண்டையோட்டு முகமூடி. மற்றவர்களுக்கு முகம் முழுக்க வெள்ளைப் பூச்சும் கண்ணைச் சுற்றிக் கறுப்பும். செலவு மிகக் குறைவு, மேடையில் உடனே எடுபடும்.

முள்ளியவளையான் எழுதியது:

தம்பி, கோபத்தில் எழுதவில்லை. எலும்பு வேண்டாம்.

2023 ஜூனில் முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்க வெட்டிய இடத்தில் மனித எலும்புகள் வெளிப்பட்டன. பிறகு அங்கே அகழ்ந்தபோது உடுப்புகளும் வந்தன. போரில் காணாமற்போன பிள்ளையைத் தேடுகிற தாய்மார் அந்த உடுப்புகளில் ஓர் அடையாளம் தெரியுமா என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தத் தாய்மார் ரீச்சரின் கலை இரவுக்கும் வருவார்கள், பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் இருப்பார்கள். கறுப்புத் துணியில் வெள்ளை எலும்பு அசைவதை அவர்கள் வேடிக்கையாகப் பார்க்க மாட்டார்கள்.

உடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரவும் முகமூடியும் நல்ல கற்பனை. அகன்ற உடுப்புத் தேவைப்பட்டால் அதற்கு நம்மிடமே வழி இருக்கிறது. மட்டக்களப்பு வடமோடிக் கூத்தில் அரசர் அணிவது கரப்புடுப்பு. கோழியை மூடி வைக்கும் கரப்பைப் போல விரிந்து நிற்பதால் அந்தப் பெயர். எங்கள் பக்கத்துக் கோவலன் கூத்தில் அது வழக்கமில்லை, ஆனால் நான் மட்டக்களப்பில் பார்த்திருக்கிறேன். அரசன் வேகமாகச் சுற்றி ஆடி நின்ற பிறகும் உடுப்பு ஒரு சுற்றுக் கூடச் சுற்றி ஓய்ந்தது. ஐரோப்பியச் சீமாட்டிகள் போட்ட வளையப் பாவாடையும் அதே வேலையைத்தான் செய்தது.

இரவுக்குயில் எழுதியது:

ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நெடுநேரம் எதுவும் எழுதவில்லை. என் பெரியம்மாவும் அப்படி நிற்கிறவர்களில் ஒருவர். மண்டையோட்டு யோசனையை மீளப் பெறுகிறேன்.

ஒன்றை மட்டும் பதிந்து வைக்கிறேன். சாவை மேடையில் காட்டக்கூடாது என்று நான் நம்பவில்லை. நம்மைவிட அதற்கு உரிமை உள்ளவர்கள் யார்? என்றாவது ஒரு நாள் அதையே பொருளாக எடுத்து, பார்க்க வருகிறவர்களுக்கு முன்பே சொல்லி, ஒருவர் ஆட வேண்டும். ஆனால் அது அலங்காரமாக வரக்கூடாது என்பதில் நீங்கள் சொல்வதுதான் சரி.

பரந்தன் அம்மா எழுதியது:

முகம் முழுக்க வெள்ளைப் பூச்சும் வேண்டாம் ரீச்சர். செத்தவீட்டில் பவுடர் பூசிக் கிடத்தியது போல இருக்கும். என்னுடைய மகளும் இந்த ஏழு பேரில் ஒருத்தி. அவள் சிரிப்பது தெரிய வேண்டும்.

மாந்தைமகள் எழுதியது:

நான் மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். இங்கே பேச்சு சாவைச் சுற்றியே போய்விட்டது, களியாட்டத்தை விட்டுவிட்டோம்.

விபூதிப் புதனுக்கு முந்திய நாட்களில் ஐரோப்பாவில் நடப்பதுதான் இந்தக் களியாட்டம். அதன் பின் தவக்காலம், நாற்பது நாள் ஒறுத்தல். இறைச்சியை விலக்குதல் என்ற பொருளுள்ள இலத்தீன் சொற்களிலிருந்து ‘கார்னிவல்’ என்ற அதன் பெயர் வந்தது என்பார்கள். நோன்புக்கு முன் ஒருமுறை வயிறாரச் சாப்பிட்டு மனமாரச் சிரிக்கிற நாட்கள். வெனிஸ் நகரில் முகமூடி போட்டுவிட்டால் பிரபுவும் வேலைக்காரனும் ஒன்று, யாரும் யாரையும் பேர் சொல்லி அழைக்க முடியாது. 1797இல் வெனிஸ் குடியரசு வீழ்ந்ததோடு அந்தக் கொண்டாட்டம் மங்கியது, 1979இல்தான் மீண்டும் பெரிதாக எழுந்தது. இடையில் ஏறத்தாழ 180 வருடம். நின்றுபோன ஒரு திருவிழாவை ஓர் ஊர் திரும்ப எடுத்து நடத்தியது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. இந்த நடனத்துக்கு ஏற்ற செய்தியும் அதுதான்.

அங்கத்தைய முகமூடிகளில் உங்களுக்கு உதவக்கூடியவை இரண்டு. ஒன்று, கண்ணையும் மூக்கின் மேற்பாதியையும் மட்டும் மூடும் அரைமுகமூடி. வாய் திறந்தே இருக்கும், மூச்சு முட்டாது, பரந்தன் அம்மா கேட்ட சிரிப்பும் தெரியும். மற்றது, கொள்ளைநோய் மருத்துவனின் நீண்ட அலகு. நோய் கெட்ட காற்றால் பரவுகிறது என்று நம்பிய காலத்தில் அந்த அலகுக்குள் வாசனை மூலிகைகளை அடைத்து மருத்துவர்கள் அணிந்தார்கள். பிரெஞ்சு அரச மருத்துவர் சார்ல்ஸ் டி லோர்ம் 1619இல் அதை வடிவமைத்தார் என்று சொல்வார்கள். யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த அதே வருடம். கூட்டத்தை நடத்தி வருகிறவளுக்கு அந்த அலகைக் கொடுங்கள். மருத்துவன் வேடம்தானே, யாரையும் நோகடிக்காது.

கறுப்பு நிறத்தைப் பற்றியும் தயங்க வேண்டாம். ஐரோப்பாவில் அது துக்க நிறம். கணவர் 1861இல் இறந்ததிலிருந்து 1901இல் தான் இறக்கும்வரை விக்டோரியா மகாராணி கறுப்பே உடுத்தார். நமக்குத் துக்கம் வெள்ளையில்தான் வருகிறது. கறுப்புக் கொடி நினைவுக்கு வரும் என்பது உண்மைதான். ஆகவே தனிக் கறுப்பாக விடாமல், உள்ளே கடும் சிவப்பும் ஊதாவும் தெரிய வையுங்கள்.

வன்னிச்சலங்கை எழுதியது:

எல்லாவற்றையும் நேற்றுப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். முள்ளியவளை ஐயாவின் பதிவை வாசித்தபோது ஒருத்தி எழுந்து வெளியே போய்விட்டுச் சற்று நேரத்தில் திரும்பி வந்தாள். பிறகு அவள்தான் வழி சொன்னாள்: “ரீச்சர், எலும்புக்குப் பதிலாக அந்த யன்னலை எடுப்போம்.” இரவுக்குயில் தம்பி சொன்ன கூரிய வளைவைத்தான் அவள் சொல்கிறாள்.

மட்டையில் ஓர் அச்சு வெட்டினோம், 7 அங்குல உயரம், 4 அங்குல அகலம், உச்சி கூராக. கறுப்புப் பாவாடையின் கீழ்ப்புறத்தில் அந்த வடிவத்தைச் சுற்றிவர வெட்டி எடுத்து, பின்னால் பளபளக்கும் கடும் சிவப்புச் சற்றின் துணி வைத்து, மேலே கறுப்பு நெற் (வலைத்துணி) போட்டுத் தைத்தோம். நிற்கும்போது ஒன்றும் தெரியவில்லை. அவள் சுற்றியதும் பாவாடை முழுக்க விளக்கெரியும் யன்னல்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இப்போது இரண்டு சிக்கல். கழுத்துச் சுருக்குக்குக் கஞ்சி போட்டோம், பத்து நிமிட ஆட்டத்தில் வியர்வையில் நனைந்து வாழையிலை வாடியது போலத் தொங்கிவிட்டது. மற்றது மேற்சட்டை. கோதிக் உடைப் படங்களில் உள்ளதுபோல் இறுக்கிக் கட்டினால் கை தலைக்கு மேலே போகவில்லை.

கடலோரத்தான் எழுதியது:

முல்லைத்தீவில் மீன்பிடிக் குடும்பம் நாங்கள். எனக்குத் தையல் தெரியாது, தங்கூசி, அதாவது மீன்பிடி நைலோன் நரம்பு, தெரியும். அந்தச் சுருக்கின் விளிம்பை மடிக்கும்போது உள்ளே தடித்த தங்கூசியை வைத்துத் தையுங்கள். சுற்றி வைத்த தங்கூசி சுருளாகவே நிற்கப் பார்க்கும், துணியையும் அலை அலையாகத் தூக்கிப் பிடிக்கும். தண்ணீருக்குக் கரையாது, வியர்வை என்ன செய்யும்? முனைகளை மட்டும் துணிக்குள் திருப்பித் தையுங்கள், கழுத்தில் குத்தினால் பிள்ளைக்குக் காயம். ஒரு சுருள் வீட்டில் கிடக்கிறது, பஸ்ஸில் போட்டு விடுகிறேன். காசு வேண்டாம்.

ஊசிநூல் எழுதியது:

கடலோரத்தான் அண்ணா சொல்வது அருமையான முறை. பெரிய கடைகளின் விருந்துச் சட்டைகளில் விளிம்பு நெளிந்து நிற்பதும் இப்படித்தான். ரீச்சர், 14 அங்குலக் கழுத்துக்கு 4 யார்ப் பட்டி எடுங்கள், குறைந்தால் சுருக்கு மெலிந்துவிடும்.

மேற்சட்டையில் இறுக்கம் கண்ணுக்குத் தெரிந்தால் போதும், விலாவுக்குத் தெரியக்கூடாது. முன்பக்கம் மட்டும் கட்டியான துணி. இரு விலாவிலும் மூன்று அங்குல அகலத்துக்கு இழுபடும் பெனியன் துணி. முன்னால் குறுக்காகப் போகும் நாடா அழகுக்கு மட்டும். திறப்பது பின்னால், தெறியும் கொழுக்கியும். சிப் வேண்டவே வேண்டாம். கக்கத்தில் 4 அங்குலச் சதுரத் துண்டை மூலைவாட்டில் வைத்துத் தையுங்கள். கை உயரும்போது அந்தத் துண்டு விரியும், சட்டை மேலே ஏறாது.

முள்ளியவளை ஐயாவின் கரப்பை நான் விட மாட்டேன். எங்கள் தோட்டத்தில் சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் போட்ட 16 மில்லிமீற்றர்க் கறுப்புக் குழாய் மிச்சம் இருக்கிறது. 24 அங்குல விட்டத்துக்கு 75 அங்குலத்துக்குச் சற்று மேல் வெட்டி, இரு முனையையும் ஒரு சிறு தடியில் செருகி ஒட்டினால் வளையம். தூக்கிப் பார்த்தேன், பாரமே இல்லை. ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் முதலில் குதிரைமயிர் கலந்து நெய்த துணியால் விரித்தார்கள், 1856 அளவில் உருக்கு வளையம் வந்தது. நமக்குப் பாசனக் குழாய்.

ஆனால் ஏழு பேருக்கும் வேண்டாம். அரைமண்டி இருக்கும்போது முழங்கால் விரிந்து வளையத்தில் மோதும். அலகு வைத்தவளுக்கு மட்டும் போடுங்கள், அவளுக்கும் நடுத்தொடையோடு நிறுத்துங்கள்.

மாந்தைமகள் எழுதியது:

முகமூடி செய்யும் விதம். குளத்துக் களிமண்ணைப் பிசைந்து ஒரு பலகையில் முகத்தின் மேற்பாதியை வடியுங்கள். காய்வதற்கு முன் தேங்காயெண்ணெய் பூசுங்கள், இல்லாவிட்டால் கழற்ற முடியாது. பத்திரிகைக் கடதாசியைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் கிழியுங்கள். கிழிந்த விளிம்பு ஒன்றோடொன்று படிந்துவிடும், வெட்டிய விளிம்பு வரி வரியாகத் தெரியும். காய்ச்சிய கோதுமை மாப் பசையில் தோய்த்து ஆறு படை ஒட்டுங்கள். ஒவ்வொரு இரண்டு படைக்கும் ஒரு நாள் நிழலில் காய வேண்டும். வெயிலில் வைத்தால் வளைந்துவிடும். பூச்சி அரிக்காமல் பசையில் துரிசு கலக்கச் சிலர் சொல்வார்கள். முகத்தில் போடுகிற பொருளுக்குத் துரிசு கூடவே கூடாது, அது நஞ்சு. உட்புறம் பழைய பருத்தித் துணி ஒட்டுங்கள், வியர்வையை உறிஞ்சும்.

அலகு நான்கு அங்குலத்துக்கு மேல் வேண்டாம், சுற்றும்போது தன் கையே இடித்துவிடும். இலாஸ்ரிக் வழுக்கும், இரண்டு நாடா வைத்துக் கொண்டைக்கு மேலொன்றும் கீழொன்றுமாகக் கட்டுங்கள். உயர்ந்த தொப்பிக்கு ஓலைப்பெட்டியைக் கவிழ்த்து, கறுப்புத் துணி போர்த்துங்கள். காற்றோட்டம் உள்ள தொப்பி அதைவிட வேறு கிடைக்காது.

இரவுக்குயில் எழுதியது:

வெளிச்சத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பின்திரையும் கறுப்பாக இருந்தால் ஏழு பிள்ளைகளின் கையும் பாதமும் மட்டும்தான் மேடையில் மிதக்கும். சாம்பல் அல்லது மங்கிய நீலத் திரை கேளுங்கள். பருத்திக் கறுப்பு வெளிச்சத்தை விழுங்கும், சற்றின் திருப்பிக் கொடுக்கும். தோள், மணிக்கட்டு, தொப்பி விளிம்பு மூன்றுக்கும் சற்றின் பட்டி போடுங்கள். இரண்டு விளக்குத்தான் இருக்கிறது என்றால் இரண்டையும் முன்னால் வைக்காமல் பக்கவாட்டில் வையுங்கள். யன்னல் வளைவுகள் அப்போதுதான் சிவக்கும். காலுறை போட்டு ஆட விடாதீர்கள், வழுக்கும். வெறுங்காலும் சலங்கையும் போதும். அன்று விளக்குப் பிடிக்க நான் வரலாமா அக்கா?

வன்னிச்சலங்கை எழுதியது:

வாருங்கள் தம்பி, கட்டாயம் வாருங்கள்.

நேற்று முழு உடையுடன் முதல் ஒத்திகை. ஒரு பிள்ளைக்கு 1900 ரூபாய்க்குள் முடிந்திருக்கிறது. சற்றினும் நெற்றும்தான் பெரிய செலவு. சேலைகளில் மூன்று அயல் வீடுகளில் கிடைத்தன. நான்காவது என் அம்மாவின் கைத்தறிச் சேலை. சாயத்தில் போடும்போது கை நடுங்கியது, போட்ட பின் கவலை இல்லை. சோழகக் காற்று பலமாக அடித்தும் கழுத்துச் சுருக்கு ஒன்றுகூடச் சரியவில்லை. கை தலைக்கு மேலே தாராளமாகப் போகிறது. போன வருடம் அழுத பிள்ளைதான் இம்முறை அலகு வைத்தவள். வேண்டுமென்றே அவளைச் சபைக்கு முதுகு காட்டித் தொடங்க வைத்திருக்கிறேன். பின்னால் பதினொரு தெறி, ஒவ்வொன்றையும் அவளே இரட்டை நூலால் தைத்தாள்.

முள்ளியவளை ஐயாவும் நேரில் வந்திருந்தார். ஒன்பது நிமிடமும் அசையாமல் பார்த்தார். முடிந்ததும் எழுந்து வந்து, பாவாடைக்கு வெளியே கையை வைத்து வளையத்தைத் தடவிப் பார்த்து, “பிள்ளை, கரப்பு இன்னும் ஓர் அங்குலம் உயர வேண்டும், குதிக்கும்போது தொடையில் அடிக்கிறது, நீ சொல்லாமல் பொறுத்துக்கொள்கிறாய்” என்றார். அவள் தலையாட்டினாள். எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

இன்று இரவு பிரித்துத் தைக்கிறோம். ஊசிநூல் அக்கா, வேலை முடிந்து வரும்போது உங்கள் நல்ல கத்தரிக்கோலைக் கொண்டுவருவீர்களா?

ஊசிநூல் எழுதியது:

ஆறரைக்கு வந்துவிடுவேன். கறுப்பு நூலும் இரண்டு கட்டை கொண்டுவருகிறேன். நான் வரும்வரை வளையத்தைக் கழற்ற வேண்டாம், அவள் போட்டு நிற்கும்போதே அளக்க வேண்டும்.